எளிது என்று எழுதுவதற்கு முன்

துண்டறிக்கைக்கு மூன்றே விவரம் கேட்டிருந்தார்கள்:
தூரம், நேரம், எளிதா கடினமா.
தூரம் தெரியும். சதுப்பின் மேல் பலகைப் பாதை
ஆயிரத்து நூற்று நாற்பது மீட்டர்.
நானே சக்கரம் உருட்டி அளந்தேன்.
நேரம்தான் எழுத வரவில்லை.
தனியாக நடந்தால் எனக்கு இருபத்தைந்து நிமிடம்.
தனியாக நடப்பவளுக்காக
யார் துண்டறிக்கை அச்சடிக்கிறார்கள்?

ஜூன் மாத ஞாயிறு ஒன்றில்
நாரெவ் ஆற்றங்கரையில் கடிகாரத்தோடு காத்திருந்து
முதலில் வந்த குடும்பத்தின் பின்னால் போனேன்,
கேட்டுக்கொண்டுதான்.
போக்னா தலையாட்டினாள்.
ஸெனோன், "எங்களையா அளக்கப்போகிறீர்கள்?" என்றான்,
அவளைப் பார்க்காமல்.
காரிலிருந்து இறங்கும்போதே
இருவருக்கும் நடுவில் ஏதோ இருந்தது.
அதை எழுதப் படிவத்தில் இடமில்லை.

லில்கா பலகைகளை எண்ணிக்கொண்டு நடந்தாள்.
அவளுக்கு நான்கு வரை தெரியும்.
நான்குக்கு அப்புறம் மறுபடி ஒன்று.
ஒரு சதுப்பு நிலம் முழுவதையும்
நான்கே எண்களால் எண்ணி முடிக்கலாம் என்பது
எனக்குத் தெரியாது.

நத்தைக்கு ஆறு நிமிடம்.
கோரைக்குள் கத்திவிட்டுக் காணாமல்போன
ஏதோ ஒரு குருவிக்கு நான்கு.
அண்ணன் இக்நாட்ஸி ஒரு தவளையைத் தொடரப்போய்
பலகையைவிட்டு ஒரே ஓர் அடி வைத்தான்.
கால் வந்தது. பூட்ஸ் வரவில்லை.
கருஞ்சேறு ஒருமுறை கொப்பளித்து
வாயை மூடிக்கொண்டது.
அழலாமா சிரிக்கலாமா என்று
அவன் அம்மா முகத்தைப் பார்த்தான்.
ஸெனோன் குனிந்து தன் காலுறை ஒன்றைக் கழற்றி
மகன் காலில் முழங்கால் வரை இழுத்துவிட்டான்.

ஆறு குறுக்கிடும் இடத்தில் பாலம் கிடையாது.
மிதவைதான். சங்கிலியை நாமே இழுக்க வேண்டும்.
மிதவை அக்கரையில் இருந்தது.
நான்கு பேரும் இழுத்தார்கள்; நானும் ஒரு கை கொடுத்தேன்
(அளப்பவள் தொடக் கூடாது, தெரியும்).
பாதி ஆற்றில் அது நின்றுவிட்டது.
நாணலை விலக்கிப் பார்த்தால்
எதிர்க்கரையில் இரண்டு பெண்கள், ஒரு நாய்,
அவர்களும் மும்முரமாக இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

"நீங்கள் முதலில்!" என்று கத்தினான் இக்நாட்ஸி.
"நீங்கள் முதலில்!" என்றது அக்கரை.
இருபக்கமும் ஒரே நேரத்தில் கையை விட்டோம்.
சங்கிலி தொப்பென்று நீருக்குள் இறங்கியது.
மிதவை
நடுவாற்றில், யாருடையதும் இல்லாமல்.

அப்போது கரிய ஆலா ஒன்று வந்து
அதன் ஓரத்தில் உட்கார்ந்தது.
இறகு கோதியது. அவசரமில்லை அதற்கு.
"இழுக்காதீங்க" என்றாள் லில்கா.
அக்கரையில் நாயின் வாயைப் பொத்தினார்கள்.

பதினோரு நிமிடம்.
ஐந்தாவது நிமிடத்தில் ஸெனோன் குடுவை மூடியில்
தேநீர் ஊற்றி நீட்டினான்.
ஏழாவதில்தான் போக்னா வாங்கிக்கொண்டாள்.
குடித்த மூடியைத் திருப்பிக் கொடுக்காமல்
கையிலேயே வைத்திருந்தாள்.
காரணம் என்ற கட்டத்தில் நான்
பறவை என்று எழுதினேன்.

போய்ச் சேர்ந்தபோது மூன்றே முக்கால் மணி நேரம்.
லில்கா அப்பாவின் தோளில் தூங்கியிருந்தாள்.
எண்ணிக்கை மூன்றில் நின்றிருந்தது.

படிவத்தில் எழுதினேன்:
எளிது. மாற்றுக் காலணி கொண்டுவரவும்.
நேரத்துக்கான இடத்தைக் காலியாக விட்டேன்.
அச்சாகி வந்தபோது அலுவலகத்தில் யாரோ
இருபத்தைந்து நிமிடம் என்று நிரப்பியிருந்தார்கள்.
நானூறு பிரதிகள்.

ஆகஸ்ட் கடைசியில், நாரைகள் கிளம்பிய வாரம்,
நீர் வற்றிய இடத்தில் அந்த பூட்ஸ் கிடைத்தது.
நீலம். வலது கால்.
கழுவலாம் என்று கவிழ்த்தேன்.
உள்ளே ஒரு நத்தை.
நிமிர்த்தி வைத்துவிட்டு
கடிகாரத்தைப் பார்க்காமல் உட்கார்ந்திருந்தேன்,
அது வெளியே வருமா என்று.